வாசல் வரை ஏறும் வண்டி

டில்லார்ட் க்ரீக், கொலராடோ
பிப்ரவரி 11

நோரீன்,

போனை எடுக்க மாட்டாய், சொல்ல வேண்டியதை எழுதட்டும் என்று உன் தங்கை ட்ரூடியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இது நாளெல்லாம் ரோடு சீவும் கிரேடர் ஓட்டும் கை.

முதலில் ஒரு விஷயம். நீ விழுந்ததற்குக் காரணம் ஐஸ். நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வாசலில் அன்று காலை ஐஸ் கரைய யாரும் உப்புத் தூவவில்லை என்று நீயே சொன்னாய். நம் வண்டி பாவம், சும்மா நின்றுகொண்டிருந்தது. சும்மா நின்ற வண்டி மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ கன்சாஸில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

அதுவும் என்ன, நான் மட்டும் வாங்கிய வண்டியா? உன் பழைய காரும் என் பழைய பிக்கப்பும் ஒரே குளிர்காலத்தில் மண்டையைப் போட்டபோது, இனி ஒரே வண்டி போதும், வாரநாளில் உனக்கு, சனி ஞாயிறில் எனக்கு என்று யோசனை சொன்னதே நீதான். எத்தனை சனிக்கிழமை ஷோரூம் ஷோரூமாக அலைந்தோம்! நீ சோபா மாதிரி ஒன்றைக் காட்டினாய். அதற்குக் கரடுமுரடில் இழுக்கும் லோ கியரே இல்லை. நம் ஓடையைத் தாண்டுவதற்குள் படுத்துவிடும். நான் காட்டிய டப்பா வண்டி பாறை மேல் ஆடு மாதிரி ஏறும், ஆனால் ஒரு சுற்று வந்துவிட்டு "பல்லு எல்லாம் எடத்துல இருக்கான்னு பாரு லைல்" என்று வாயைத் திறந்து காட்டினாய். கடைசியில் ரெண்டுக்கும் நடுவில் இது கிடைத்தது. அடியில் லாரிச் சட்டம், லோ கியர், உயரமும் உண்டு. உன் இடுப்புக்குச் சூடேறும் சீட்டும் உண்டு. "இதுதான்"னு நீதான் முதலில் சொன்னாய். விற்ற ஆள்கூடச் சிரித்தான்: "சண்டை போடாம வண்டி எடுத்துட்டுப் போற புருஷன் பெண்டாட்டிய இப்பதாங்க பாக்கறேன்."

ஆமாம், அப்புறம் நான் அதை ரெண்டு அங்குலம் உயர்த்தினேன். ரெண்டு பக்கத்துப் படியையும் கழற்றினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் பாதை வளைவில் கிடக்கும் அந்தப் பாறை, பாறை மேல் வண்டி ஏற்றும் எங்கள் கிளப் பையன்கள் மாமியார் என்று பேர் வைத்தார்களே, அது ஒவ்வொரு முறையும் படியைத்தான் நசுக்கும். படி இருக்கிற வண்டியோடு போனால் கிளப்பில் ஒருத்தன் மதிக்க மாட்டான். அதற்காக உன்னை அப்படியே விட்டுவிட்டேனா? கவிழ்த்துப் போட்டு ஏறி மிதிக்கப் பால் பெட்டி கொடுத்தேன். ஏறியபின் குனியாமல் இழுத்துக்கொள்ள அதில் கயிறும் கட்டிக் கொடுத்தேன்.

நீ உறைய வைத்துவிட்டுப் போன பச்சை மிளகாய்க் கறி போன வாரமே தீர்ந்துவிட்டது. கோபம் போதும், வந்துவிடு.

லைல்

•

ஹட்சின்சன், கன்சாஸ்
பிப்ரவரி 20

லைல்,

கறி தீர்ந்ததால் என் ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியைத்தான் விட்டுவிட்டாய். "இதுதான்" என்று நான் சொன்னபோது என் கால் எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படியின் மேல் இருந்தது. ஒரு கால் படியில், ஒரு கை உள்ளே இருந்த பிடியில். இடுப்பில் கத்தி குத்தாமல், யார் தோளையும் பிடிக்காமல் நானாக ஏறி உட்கார்ந்தேன். மூட்டுவாதம் வந்தபிறகு அதுதான் முதல் தடவை. லாரிச் சட்டமும் லோ கியரும் உன் பங்கு. அந்தப் படிதான் என் பங்கு. வண்டியில் எனக்கென்று இருந்த ஒரே சாமானைத்தான் நீ கழற்றினாய், அதையும் கேட்காமல். வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தால் படி காரேஜ் சுவரில் சாய்ந்து நிற்கிறது, நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு விசிலடிக்கிறாய்.

பால் பெட்டியைப் பற்றி வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய். அதில் ஏறிப் பார்த்திருக்கிறாயா? மருத்துவமனை வாசலில், வரிசையில் நிற்கிற ஆட்கள் பார்க்க, பெட்டியைக் கீழே போட்டு, அது ஆடாமல் நிற்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்து, ஏறி, பிறகு நாயை இழுக்கிற மாதிரி கயிற்றை இழுத்து உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் டாக்டரம்மா ஒருநாள் கேட்டாள்: "நோரீன், உன் வீட்டுக்காரர் ரோடு போடற ஆளுதானே? உனக்கு ஒரு படி போட்டுத் தர முடியலையா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம்தான் விழுந்தேன். ஐஸில் வழுக்கியது நான் இல்லை, பெட்டி.

அவள் கேட்டது சரிதானே? மாவட்டத்து மண் ரோட்டையெல்லாம் நாள் முழுக்கச் சீவித் தட்டையாக்குகிறவன் நீ. உன் ரோட்டில் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஊரே சொல்கிறது. நம் வீட்டுப் பாதையை மட்டும் குண்டும் குழியுமாக விட்டு வைத்திருக்கிறாய், உன் கிளப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆட்டம் போட. அந்தப் பாறையை உன் கையால் நகர்த்த ஒரு காலைப்பொழுது போதும். அதற்குப் பேர் வைத்துப் பீர் ஊற்றுகிறீர்கள்.

எனக்கு இடுப்பு மூட்டை மாற்ற வேண்டுமாம். இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். அதைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை.

நோரீன்

•

டில்லார்ட் க்ரீக்
மார்ச் 5

நோரீன்,

ஆபரேஷன் என்று யாராவது சொன்னால்தானே எனக்குத் தெரியும்? நான் என்ன, கனவா காண்கிறேன்?

சரி. நேற்று காரேஜில் போய் ரெண்டு படியையும் துடைத்து, மறுபடி மாட்டினேன். பக்கத்துக்கு நாலு போல்ட். ஏறி நின்று குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. எங்கள் கிளப் டோபின் வந்து பார்த்துவிட்டு, "என்ன லைல், சர்ச்சுக்கு ஆள் ஏத்தப் போறியா?" என்று கேலி பண்ணினான். பண்ணட்டும். உனக்காகத்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ தெரிந்துகொண்டால் போதும்.

மாமியார் விஷயத்தில் மட்டும் என்னை நெருக்காதே. அந்தப் பாறையைத் தள்ளிவிட்டால் நம் வீடு கீழே இருக்கிற எல்லார் வீடும் மாதிரி ஆகிவிடும். வாரம் பூரா அடுத்தவனுக்கு ரோடு போடுகிறேன். எனக்கென்று ஒரு கரடுமுரடு வேண்டாமா? இது உனக்குப் புரியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஆபரேஷன் எப்போது? நான் வருகிறேன். நான்தான் வருவேன், வேறு யாரையும் கேட்காதே.

லைல்

•

ஹட்சின்சன்
மார்ச் 28

லைல்,

படியை மாட்டினாய் என்று படித்துவிட்டு ட்ரூடியின் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். எட்டு போல்ட்டுக்கு அழுகிற பொம்பளையாகிவிட்டேன் பார். இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆபரேஷன். புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு இடுப்பை மடக்கக் கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, உயரத்துக்குக் காலைத் தூக்கவும் கூடாது. ட்ரூடியின் கார் தரையோடு தரையாக இருக்கிறது, டாக்டர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார். அவள் வீட்டுக்காரன் வெஸ் வைத்திருப்பது கோதுமை ஏற்றுகிற லாரி, மாடி உயரம். "நடுத்தர உயரத்துல சீட்டு, மிதிச்சு ஏற ஒரு படி, அப்படி ஏதாவது வண்டி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் வண்டி அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு குளிர்காலம் பூரா தேடி எடுத்தோம் என்றும் சொன்னேன்.

அதனால் நீ வா. ஆஸ்பத்திரியிலிருந்து ட்ரூடி வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு வாரம் கூட இரு. நடக்க ஆரம்பித்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எனக்கு வர வேண்டும் லைல். இங்கே எங்கே பார்த்தாலும் தட்டையாக இருக்கிறது, சாயங்காலம் சூரியன் போய் ஒளிந்துகொள்ளக்கூட ஒரு மலை இல்லை. பாறையைப் பற்றி அங்கே வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

படி இருக்கட்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

நோரீன்

•

டில்லார்ட் க்ரீக்
மே 2

நோரீன்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதை எப்படியாவது அனுப்பிவிடுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீதான் கேட்கவே இல்லையே. உன்னைக் கூட்டிப் போக வேண்டிய புதனுக்கு முந்தின சனிக்கிழமை கிளப்பின் முதல் ஓட்டம். யூட்டா பக்கம், வறண்ட பாறை. வருஷத்துக்கு ஒருமுறை. படியோடு போனால் அங்கே உடைந்துவிடும், உடைந்தால் உனக்கு இல்லாமல் போய்விடும் என்றுதான் கழற்றினேன், சத்தியமாக. ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று காரேஜ் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஞாயிறு சாயங்காலம் பனி கொட்டியது. பனி மூடிய கணவாய் ரோட்டைத் திறக்க மாவட்ட ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கள் பூரா கிரேடரில் இருந்தேன். செவ்வாய் வந்து குளித்து, அப்படியே வண்டியை எடுத்தேன். கன்சாஸுக்குள் நுழைந்து காப்பி குடிக்க இறங்கும்போது என் கால் படியைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்து திரும்பிப் போய் எடுத்துவர முடியுமா? பின்னால் பால் பெட்டி கிடந்தது. எப்படியாவது தூக்கி ஏற்றிவிடலாம், நர்ஸ் இருப்பாள், நானும் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

தப்புதான். ஆனால் நீ செய்ததும் கொஞ்சமா? நான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில்தான் நிற்கிறேன். நீ சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நர்ஸிடம் சொல்கிறாய்: "என்னக் கூட்டிட்டுப் போக யாரும் வரலம்மா. வேற ஏதாவது வண்டி கூப்பிட முடியுமா?" அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள். இந்த வயதில் நான் பட்ட அவமானத்தில் அதுதான் பெரிசு. சர்ச் வேன் உன்னை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் சவ ஊர்வலம் மாதிரி பின்னாலேயே வந்தேன். ட்ரூடி கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக, "அவ தூங்கறா லைல், நீ கெளம்பு" என்றாள். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கதவு வரைக்கும் உன் குச்சிச் சத்தம் கேட்டது.

இப்போது செய்திருப்பதைக் கேள். உயர்த்திய ரெண்டு அங்குலத்தையும் இறக்கிவிட்டேன். பல்லுப் பல்லாக இருந்த டயரை மாற்றிவிட்டேன், இப்போது சத்தமே இல்லை, தூக்கம் வருகிறது. படியை மாட்டி, போல்ட் தலைகளை வெல்டிங்கும் வைத்துவிட்டேன். இனி நானே நினைத்தாலும் கழற்ற முடியாது. ஷோரூமில் நாம் பார்த்த மாதிரியே நிற்கிறது வண்டி. இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும், சொல்.

ஜூன் பாதியில் பையன்கள் வழக்கம்போல மாமியார் பாறை விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் நீ நன்றாக நடப்பாய், வந்துவிட்டால் உன் கையால் கறி சாப்பிட்டது மாதிரியும் இருக்கும். நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை நோரீன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

லைல்

•

ஹட்சின்சன்
மே 24

லைல்,

நான் தூங்கவில்லைதான். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ வண்டியைக் கிளப்பும் வரைக்கும் நின்றேன். ஆபரேஷன் முடிந்த காலோடு அவ்வளவு நேரம் நின்றதற்கு ட்ரூடியிடம் திட்டு வாங்கினேன்.

யாரும் வரவில்லை என்று நர்ஸிடம் நான் சொன்னது படி இல்லாததற்காகக்கூட இல்லை. மறந்துவிட்டேன் என்று நீ வெறும் கையோடு வந்திருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது வண்டியில் ரெண்டு பேரும் போயிருப்போம். நீ பெட்டியைக் கொண்டுவந்தாய். என்னைத் தள்ளிய அதே பெட்டி, அதே கயிறு. அதைப் பார்த்ததும் எனக்கு விட்டுப்போயிற்று. என்னைப் பற்றி உனக்கு வருகிற யோசனை அவ்வளவுதான் என்று தெரிந்தது.

வெல்டிங் வைத்ததைப் படித்தேன். என்னை நம்ப வைக்க உன் கையை நீயே கட்டிக்கொண்டிருக்கிறாய். பாவமாகத்தான் இருந்தது. அதே கடிதத்தில் ஜூன் விருந்துக்கும் கூப்பிட்டிருக்கிறாய். புது இடுப்போடு வந்து உன் பையன்களுக்குக் கறி கிண்ட வேண்டும், அவர்கள் அந்தப் பாறை மேல் வண்டியை ஏற்றி ஊளையிடுவார்கள். எழுதும்போது உனக்கு ஒரு இடத்தில்கூடப் பேனா நிற்கவில்லையா?

நான் ஒரு வண்டி வாங்கிவிட்டேன்.

சோபாதான். நீ மளிகைக்கடை வண்டி என்று கேலி பண்ணினாயே, அதே வகை, இந்த வருஷத்து மாடல். தனியாகப் போனேன், குச்சியை ஊன்றிக்கொண்டு. விற்கிற பெண் பின்னால் எத்தனை பை வைக்கலாம், பாட்டு எப்படிக் கேட்கும் என்று என்னென்னவோ காட்டினாள். நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நம் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன். ரெண்டு பாதமும் தரையில் இருந்தபடியே எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன், எழுந்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஓட்டிப் பார்த்தேன். ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டினோமா என்றே தெரியவில்லை. இடுப்பு வாயே திறக்கவில்லை.

அப்புறம் போனிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினேன். போன ஜூனில் நீ மாமியார் மேல் நின்றுகொண்டு பீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருப்பாயே, அந்தப் படம். "இந்தப் பாறையைத் தாண்டி இது போகுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ மேடம், அடி வயிறு கிழிஞ்சிடும். மண் ரோடு போகும், லேசா பனியில போகும். இதுக்கெல்லாம் இது ஆகாது. உங்களுக்கு அந்த மாதிரி பாதைன்னா, கொஞ்சம் உயரமா லோ கியரோட ஒன்னு இருக்கு, காட்டட்டுமா?"

"வேண்டாம்மா, இதையே எடுத்துக்கறேன்"னு சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். என்னை எனக்குத் தெரியும் லைல். ஏறுகிற வண்டி கையில் இருந்தால், மனசு தளர்ந்த ஒரு சாயங்காலம் நானே கிளம்பி வந்துவிடுவேன். ஓடையைத் தாண்டி, மாமியாரைத் தாண்டி, வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பேன். நீ சிரித்துக்கொண்டே வருவாய். அடுத்த சனிக்கிழமை வெல்டிங்கை அறுத்துவிடுவாய்.

மற்றதை வக்கீல் எழுதுவார்.

நோரீன்

•

டில்லார்ட் க்ரீக்
ஜூலை 8

நோரீன்,

மாமியார் இல்லை.

விருந்து வேண்டாம் என்று பையன்களுக்குச் சொல்லிவிட்டேன். டோபின் மட்டும் வந்தான், அவன் டிராக்டரோடு. பாறை நாங்கள் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. சங்கிலி ஒருமுறை அறுந்தது. மறு இழுப்பில் வெளியே வந்தது. ஓடையில் குழாய் பதித்து மேலே மண் போட்டுவிட்டேன். வாடகைக்கு ஒரு சின்ன கிரேடர் எடுத்து, கீழே தபால் பெட்டியிலிருந்து வாசல் வரைக்கும் சீவினேன். மாவட்டத்து ரோட்டில்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து வேலை செய்ததில்லை. வளைவில் சாய்வு கொடுத்திருக்கிறேன், தண்ணீர் தங்காது. உன் வண்டி வரும். எந்த வண்டியும் வரும்.

முடித்துவிட்டு ரெண்டு வாரமாகச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் வண்டி என்ன நிறம் என்றுகூட நீ எழுதவில்லை. தூரத்தில் புழுதி தெரிந்தால் எழுந்து நிற்பேன்.

இன்று காலை ஒரு வண்டி ஏறி வந்தது. தாழ்வான சின்னக் கார், சத்தமே இல்லாமல் வந்தது. தபால் போடுகிற ஜோலீன். கையெழுத்து வாங்க வேண்டிய தபால் என்றால் கீழே பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவாள், நான்தான் ஊருக்குள் போய் வாங்க வேண்டும், உனக்கே தெரியும். இன்று முதல் தடவையாக வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"என்ன லைல், ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கு! எனக்கே நம்ப முடியல. நோரீன் வர்றாளா?" என்று கேட்டாள். கையில் உன் வக்கீலின் உறை இருந்தது.

என் சட்டைப் பையில் பேனா இல்லை. அவளிடமே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

லைல்